கனவு பலித்தது, நிழல் நகர்ந்தது: அமானுஷ்ய நம்பிக்கையும் மனச்சாய்வுகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேய் இருக்கிறதா, இல்லையா? அதை மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள்.

இருக்கிறது என்று நம்பவைக்கும் ஆதாரம் எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை. சரி, அது என் நிலைப்பாடு, அதோடு விட்டுவிடலாம், ஏனென்றால் இங்கே பேசப்போவது வேறு விஷயம். பேய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பேயைப் பார்த்ததாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், ஏராளமாக இருக்கிறார்கள். 2005-ல் அமெரிக்காவில் கேலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பேர் ஏதாவது ஒரு அமானுஷ்ய விஷயத்தையாவது நம்புவதாகச் சொன்னார்கள். பேயைப் பார்த்ததாகச் சொல்பவர்களில் பெரும்பாலோர் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. பயந்தது உண்மை, வியர்த்தது உண்மை, ஏதோ ஒன்று கண்ணில் பட்டதும் உண்மை. அந்த ‘ஏதோ ஒன்று’ மறுநாள் காலைக்குள் ‘வெள்ளை உடையில் ஒரு பெண்’ ஆகிவிடுகிறதே, அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம்.

மனச்சாய்வு என்றால் என்ன?

ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்த தராசை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் தவறு என்றால் ஒரு தடவை எடை கூடும், இன்னொரு தடவை குறையும். சாய்ந்த தராசு எப்போதும் ஒரே பக்கமாகத்தான் தப்பு காட்டும், அதனால்தான் அதைக் கண்டுபிடிப்பதும் கஷ்டம். நம் மூளைக்கும் இப்படிச் சில சாய்வுகள் உண்டு. பாடப்புத்தகத்தில் ‘அறிதல் சார்பு’ என்று போட்டிருப்பார்கள், பேச்சில் காக்னிடிவ் பயஸ். முட்டாள்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எல்லாத் தகவலும் கைக்கு வரும்வரை காத்திருந்தால் சாலையைக்கூடக் கடக்க முடியாது என்பதால் மூளை குறுக்குவழியில் போகிறது, பத்துக்கு எட்டு தடவை சரியாகவும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மீதி இரண்டு தடவைதான் நமக்கு இங்கே வேலை.

நான் கண்ட கனவு அப்படியே பலித்தது. இதை எப்படித் தற்செயல் என்று சொல்வீர்கள்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். கனவு வந்தது, நடந்தது: ஒரு கட்டம். கனவு வந்தது, ஆனால் நடக்கவில்லை: இன்னொன்று. கனவே வரவில்லை, ஆனால் நடந்தது: மூன்றாவது. கனவும் வரவில்லை, எதுவும் நடக்கவும் இல்லை: நான்காவது. கனவுக்கும் நிகழ்வுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று சொல்ல நான்கு கட்டத்திலும் எண்ணிக்கை வேண்டும். நம்மிடம் இருப்பதோ முதல் கட்டம் மட்டும்தான். ஏனென்றால் அதற்குத்தான் கதை இருக்கிறது. ‘மாமா விபத்தில் சிக்குவதுபோலக் கனவு கண்டேன், அவர் நன்றாகத்தான் இருக்கிறார்’ என்று யாராவது யாருக்காவது போன் போட்டுச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? காலைக் காபி ஆறுவதற்குள் அந்தக் கனவே மறந்துவிடும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு ராத்திரியில் வரும் கனவு, வெறும் தற்செயலாக, மறுநாள் நிகழ்வோடு கண்கூடாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ரொம்ப அரிது, இல்லையா? ஆனால் வருஷத்துக்கு 365 ராத்திரி. ஒரு லட்சம் பேர் இருக்கும் ஊரில் ஒரே வருஷத்தில் 3,500 பேருக்கு மேல் இப்படி ஒரு கனவாவது பலித்துவிடும், எந்த சக்தியும் தேவையில்லாமல். அந்த 3,500 பேரும் பேசுவார்கள், வாழ்நாள் முழுக்கப் பேசுவார்கள். மீதி 96,500 பேருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நம் முன்னோர் ஒரே வரியில் சொன்னது இதைத்தான். பழம் விழாத மரங்களில் அன்றைக்கு எத்தனை காக்கை உட்கார்ந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நானே ஒரு காலத்தில் தலையணைக்குப் பக்கத்தில் நோட்டு வைத்து, எழுந்ததும் கனவை எழுதி, தேதி போட்டு வந்தேன். நான்கு மாதம் தாக்குப்பிடித்தது. அதில் பலித்தது என்று சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று: பல் விழுவதுபோலக் கனவு, பத்து நாளில் பல் மருத்துவரிடம் போய் நின்றேன். நோட்டு மட்டும் இல்லையென்றால் இன்றைக்கு அதை உங்களிடம் மயிர்க்கூச்செறியச் சொல்லியிருப்பேன். ஆனால் அதே பக்கத்தில், கனவுக்கு இரண்டு வரி மேலே, ‘நேற்றிலிருந்து கடைவாய்ப் பல் வலி’ என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

சரி கனவை விடுங்கள். யாரையாவது நினைத்தால் உடனே அவரிடமிருந்தே போன் வருகிறதே?

அதே நான்கு கட்டம்தான். லூயிஸ் ஆல்வாரெஸ் என்ற இயற்பியலாளருக்கும் இப்படி நடந்தது. செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது பல வருஷமாக நினைத்தே பார்க்காத ஒருவர் திடீரென்று நினைவுக்கு வந்தார், சில நிமிடத்தில் அதே தாளில் அவருடைய மரணச் செய்தி. மனிதர் அதிர்ந்துபோகவில்லை, பென்சிலை எடுத்துவிட்டார். ஒருவருக்குத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், அவர்களை எவ்வளவு அடிக்கடி நினைப்போம் என்று தோராயமாக வைத்துக் கணக்குப் போட்டால், அமெரிக்காவில் மட்டும் வருஷத்துக்குச் சுமார் 3,000 பேருக்கு, அதாவது தினம் கிட்டத்தட்ட பத்து பேருக்கு, இப்படி நடந்தாக வேண்டும் என்று வந்தது. 1965-ல் ‘சயின்ஸ்’ இதழுக்குக் கடிதமாகவே எழுதி அனுப்பினார். மூன்று வருஷம் கழித்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது வேறு வேலைக்காக.

இருட்டில் நான் உருவத்தைத் தெளிவாகப் பார்த்தேன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்ற பழமொழியைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், ஆனால் அது பாதிதான் உண்மை. அரளாதவன் கண்ணும் இதையேதான் செய்யும். இரண்டு புள்ளி, கீழே ஒரு கோடு போதும், மூளை அங்கே ஒரு முகத்தைக் கொண்டுவந்துவிடும். மின் பிளக்கில், மேகத்தில், காரின் முன்பக்கத்தில் எல்லாம் முகம் தெரிவது இதனால்தான். இதற்குப் பாரெய்டோலியா என்று பெயர். 1976-ல் வைக்கிங் 1 விண்கலம் செவ்வாயின் சைடோனியா பகுதியைப் படமெடுத்தபோது அதில் மனித முகம் ஒன்று வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தது. அது வெளிச்சமும் நிழலும் செய்த வேலை என்று நாசா அப்போதே சொல்லிவிட்டது, கேட்பவர்கள்தான் இல்லை. 1998-லும் 2001-லும் மார்ஸ் குளோபல் சர்வேயர் இன்னும் துல்லியமாக எடுத்த படங்களில் அது வெறும் மேடு.

ஏன் இப்படி? சலசலக்கும் புதரில் புலி இருப்பதாக நினைத்து ஓடியவன், புலி இல்லாவிட்டால், கொஞ்சம் மூச்சு வாங்கியதோடு சரி. காற்று என்று நினைத்து நின்றவன் ஒரே ஒரு தடவை தப்பாக நினைத்தால் போதும். நாமெல்லாம் ஓடியவனின் பேரப்பிள்ளைகள் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அழகான விளக்கம், ஆனால் நேரடியாகச் சோதித்துப் பார்க்க முடியாத விளக்கமும்கூட, அதனால் நான் அதன்மேல் அதிகம் பாரம் ஏற்றுவதில்லை. சோதித்துப் பார்த்தது இன்னொன்று உண்டு. 1944-ல் ஹைடர், சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சின்ன அனிமேஷனைக் காட்டினார்கள். இரண்டு முக்கோணம், ஒரு வட்டம், கதவுபோலத் திறக்கும் ஒரு பெட்டி, அவ்வளவுதான். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பெரிய முக்கோணம் முரடன், சின்ன முக்கோணமும் வட்டமும் காதலர்கள் என்கிற ரீதியில் பதில் வந்தது. 34 பேரில் ஒரே ஒருவர்தான் வடிவங்கள் நகர்ந்தன என்று வடிவியலாகச் சொன்னார். பட்டப்பகலில், வெள்ளைத் திரையில், கறுப்பு முக்கோணத்துக்கே நாம் கெட்ட எண்ணம் கொடுத்துவிடுகிறோம் என்றால், நடுராத்திரி ஆடும் திரைச்சீலை என்ன பாவம் செய்தது?

தூங்கும்போது நெஞ்சில் ஏறி உட்கார்ந்து அமுக்கியது. கண் திறந்திருந்தது, கத்த முடியவில்லை. இதுவும் பிரமையா?

அமுக்குவான் பேய். எனக்கும் நடந்திருக்கிறது, அதனால் இதைக் கிண்டல் செய்ய எனக்கு வாய் வராது.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, தேர்வு வாரம், இரண்டு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. மதியம் மல்லாந்து படுத்தவன் விழித்தேன். மேலே மின்விசிறி சுற்றுவது தெரிகிறது. அறைத்தோழன் கம்ப்யூட்டரில் தட்டும் சத்தம் கேட்கிறது. கை கால் எதுவும் என்னுடையதாக இல்லை. கால்மாட்டில் ஒருத்தி நிற்கிறாள். நான் அவளைப் பார்க்கவில்லை, கவனியுங்கள், தலையைத் திருப்ப முடியாது. ஆனால் நிற்கிறாள் என்று தெரியும், என்மேல் கோபமாக இருக்கிறாள் என்றும் தெரியும். அப்புறம் நெஞ்சில் பாரம். எவ்வளவு நேரம் என்று கேட்டால் அரை மணி நேரம் என்பேன், அறைத்தோழனைக் கேட்டால் ‘நீ தூங்கவே இல்லையே, இப்போதுதானே படுத்தாய்’ என்றான்.

இதற்குத் தூக்க முடக்கம், ஸ்லீப் பராலிசிஸ் என்று பெயர். கனவு வரும் தூக்கத்தில் நாம் எழுந்து ஓடிவிடக்கூடாது என்பதற்காக உடல் தசைகளை முடக்கி வைக்கிறது. சில சமயம் மனம் விழித்துக்கொள்ளும், அந்த முடக்கம் மட்டும் இன்னும் விலகியிருக்காது, கனவும் முழுசாக முடிந்திருக்காது. மூச்சு ஆழமில்லாமல் தானாக ஓடிக்கொண்டிருக்கும், நாமாக இழுத்து விட முயன்றால் முடியாது, அதுதான் நெஞ்சில் யாரோ உட்கார்ந்த பாரம். 2011-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, பொதுவான மக்களில் 8 சதவீதம் பேருக்கும் மாணவர்களில் 28 சதவீதம் பேருக்கும் வாழ்நாளில் ஒரு முறையாவது இது வருவதாகச் சொல்கிறது. தூக்கம் கெட்டிருந்தாலோ மல்லாந்து படுத்தாலோ வாய்ப்பு அதிகம்.

கவனிக்க வேண்டியது இதுதான்: முடக்கம் எல்லோருக்கும் ஒன்றே, வந்து உட்காருபவர் மட்டும் இடத்துக்கு இடம் வேறு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கிழவி வந்து உட்காருவாள். ஜப்பானியர் இதைக் கனாஷிபாரி, இரும்பால் கட்டிப்போட்டதுபோல, என்பார்கள். அண்மைக் காலத்தில் சிலரை வேற்றுக்கிரகவாசிகள் வந்து தூக்கிப்போகிறார்கள். நெஞ்சுப் பாரத்தை உடல் கொடுக்கிறது, முகத்தை நாம் கேட்டு வளர்ந்த கதை கொடுக்கிறது.

ஜோதிடர் என்னைப் பற்றி அப்படியே புட்டுப் புட்டு வைத்தார். முன்பின் பார்த்ததே இல்லை!

என்ன சொன்னார்? ‘வெளியே தைரியமாகக் காட்டிக்கொண்டாலும் உள்ளே கவலைப்படும் ஆள்’, ‘உங்கள் திறமையில் பாதியை நீங்கள் இன்னும் பயன்படுத்தவில்லை’, ‘நம்பியவர் ஒருவர் உங்களை ஏமாற்றியிருக்கிறார்’, இந்த ரகம் என்றால், அது எனக்கும் பொருந்தும், இதைப் படிக்கும் இன்னொருவருக்கும் பொருந்தும்.

1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு ஆளுமைத் தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயர் போட்ட ‘தனி’ அறிக்கை கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. அப்புறம்தான் தெரிந்தது, எல்லோர் கையிலும் இருந்தது ஒரே அறிக்கை, அதன் பெரும்பகுதி கடையில் விற்கும் ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. இன்றைக்கும் பல வகுப்புகளில் இதைச் செய்து காட்டுகிறார்கள், இன்றைக்கும் வேலை செய்கிறது.

அந்த 4.26-ஐ மாணவர்கள்தான் உழைத்து உண்டாக்கினார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பொதுவான வாக்கியத்தைக் கேட்டதும் நம் மனம் ஞாபகத்துக்குள் ஓடிப்போய்ப் பொருத்தமான சம்பவத்தைத் தேடிக் கொண்டுவந்து கொடுக்கிறது. பொருந்தாத சம்பவத்தைத் தேட யாரும் அதை அனுப்புவதில்லை. இதைத்தான் கன்ஃபர்மேஷன் பயஸ், உறுதிப்படுத்தும் சாய்வு என்கிறார்கள். ஜோதிடர் கோடு மட்டும் போடுகிறார், வண்ணம் தீட்டுவது நாம், வெளியே வந்து ‘என்ன படம், என்ன படம்’ என்று புகழ்வதும் நாம்.

எழுத்துகள் போட்ட ஓஜா போர்டில் ஆவியைக் கூப்பிட்டோம், விரல் வைத்த காட்டியை யாருமே தள்ளவில்லை, சத்தியமாக. தானாக நகர்ந்தது.

நம்புகிறேன். யாரும் தள்ளுவதாக *உணரவில்லை*. 1850-களில் ஐரோப்பாவில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கை வைத்தால் மேசை தானாகச் சுழலும் என்று பெரிய மோகம். மின்காந்தத்தில் பேர்போன மைக்கேல் ஃபாரடே 1853-ல் இதைச் சோதித்தார். மேசைக்கும் கைக்கும் நடுவே மென்மையான பசை தடவிய அட்டைகளை அடுக்காக வைத்தார். மேசை கையை இழுத்தால் அட்டைகள் ஒரு மாதிரி வழுக்கும், கை மேசையைத் தள்ளினால் வேறு மாதிரி வழுக்கும். கைதான் முதலில் நகர்ந்திருந்தது. அடுத்து, கை லேசாக அசைந்தாலும் காட்டிக்கொடுக்கும் முள் ஒன்றைப் பொருத்தி உட்கார்ந்திருந்தவர்களின் கண்ணெதிரே வைத்தார். அவ்வளவுதான், மேசை நின்றுவிட்டது. நல்ல மனிதர்கள், நேர்மையானவர்கள், தங்கள் கை என்ன செய்கிறது என்று கண்ணால் பார்க்கும்வரை அவர்களுக்கே தெரியவில்லை.

வீட்டில் செய்து பார்க்க ஆசையா? எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள், விளையாடாத ஒருவர் போர்டைச் சத்தமில்லாமல் திருப்பி வைக்கட்டும். வந்த ஆவிக்கு எழுத்துப்பிழை எவ்வளவு வருகிறது என்று பாருங்கள்.

ஒருவர் என்றால் பரவாயில்லை, நாங்கள் நான்கு பேர் சேர்ந்து பார்த்தோம். நான்கு பேருக்குமா பிரமை?

நான்கு பேர் பார்த்தீர்களா, அல்லது ஒருவர் பார்த்து மற்ற மூவரும் அவர் கை காட்டிய இடத்தைப் பார்த்தீர்களா? அப்புறம் நான்கு பேரும் ராத்திரி முழுக்க அதைப் பற்றியே பேசினீர்களா? பேசாமல் இருந்திருக்க முடியாது, யாராலும் முடியாது. பேசப் பேச நான்கு ஞாபகமும் ஒன்றாகிவிடும்.

1880-களில் எஸ். ஜே. டேவி என்ற இளைஞர் ஆவிகள் சிலேட்டில் எழுதுவதாகச் சொல்லப்பட்ட வித்தையைத் தானே பழகி, பலரை உட்காரவைத்துச் செய்து காட்டினார். முடிந்ததும் நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார். அந்த அறிக்கைகள் 1887-ல் வெளிவந்தன, படிக்கப் படிக்கச் சுவாரசியம்: வித்தைக்குக் காரணமான தருணத்தையே பலர் விட்டுவிட்டார்கள், முன்னால் நடந்ததைப் பின்னால் எழுதினார்கள், செய்யாத சோதனையைச் செய்ததாக எழுதினார்கள். டார்வினோடு இயற்கைத் தேர்வைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், இது வெறும் தந்திரம் என்பதை ஏற்கவே இல்லை. டேவியிடம் அவருக்கே தெரியாத ஆவி சக்தி இருக்கலாம் என்பது அவர் கட்சி.

2005-ல் உளவியலாளர்கள் ரிச்சர்ட் வைஸ்மனும் எம்மா கிரீனிங்கும் வெளியிட்ட சோதனை இன்னும் எளிது. ஒரு வித்தைக்காரர் சாவியை வளைப்பதுபோலக் காட்டி மேசையில் வைத்துவிடுகிறார், அது அங்கேயே கிடக்கிறது, அசையவில்லை. ஒரு குழுவுக்கு மட்டும் ‘இன்னும் வளைந்துகொண்டே இருக்கிறது’ என்று ஒரே வாக்கியம் சொல்லப்படுகிறது. அந்தக் குழுவில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் சாவி தொடர்ந்து வளைவதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்கள்.

படித்தவர்கள், பெரிய ஆட்கள்கூட நம்புகிறார்களே?

படிப்பு கொஞ்சம் உதவும், முழுசாக உதவாது. புத்திசாலிக்கு ஒரு தனி ஆபத்து உண்டு: தான் நம்புவதற்குக் காரணம் கண்டுபிடிப்பதிலும் அவர் கெட்டிக்காரர்.

ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயிலைப் பாருங்கள். இங்கிலாந்தில் காட்டிங்லி என்ற கிராமத்தில் 1917-ல் 16 வயது எல்சியும் 9 வயது ஃபிரான்சஸும் தோட்டத்தில் சிறகு முளைத்த குட்டித் தேவதைகளைப் படமெடுத்தார்கள். 1920-ல் டாயில் அதை உண்மை என்று பத்திரிகையில் எழுதினார், உலகமே பார்த்தது. காகிதத்தில் வரைந்து வெட்டி, தொப்பி ஊசியில் குத்தி நிறுத்தியது என்று அந்தப் பெண்கள் ஒப்புக்கொண்டது 1983-ல், பாட்டிகளான பிறகு.

அதைவிட என்னைத் தொட்டது ஹூடினி சம்பவம். மாயாஜாலக்காரர் ஹாரி ஹூடினியும் டாயிலும் நண்பர்கள். 1922-ல் அட்லாண்டிக் சிட்டியில் டாயிலின் மனைவி, இறந்துபோன ஹூடினியின் தாயை ஆவியாக வரவழைத்து, ஆவியே கையைப் பிடித்து எழுதவைப்பதாகச் சொல்லும் தானியங்கி எழுத்தாகப் பதினைந்து பக்கம் எழுதித் தள்ளினார். முதல் பக்கத்தின் மேலே ஒரு சிலுவை. ஹூடினி பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவர் தாய் ஒரு யூத மதகுருவின் மனைவி. வந்த பதினைந்து பக்கமும் ஆங்கிலத்தில், அம்மாவுக்கோ ஆங்கிலம் பேச வராது. டாயிலிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது: சிலுவை என் மனைவி வழக்கமாகப் போடுவது, மொழி ஆவிக்காக எழுதும் மீடியத்தினுடையது. கடைசியில் நட்பு முறிந்தது. வேடிக்கை என்னவென்றால், தான் செய்வதெல்லாம் தந்திரம் என்று ஹூடினியே சொல்லியும் டாயில் ஏற்கவில்லை. ஹூடினிக்கு நிஜமாகவே சக்தி இருக்கிறது, மறைக்கிறார் என்று எழுதினார். எந்தப் பதிலும் ஒரு நம்பிக்கையை அசைக்க முடியாது என்றால் அந்த நம்பிக்கையைச் சோதிக்கவே வழியில்லை என்றுதான் அர்த்தம்.

ஆய்வுக்கூடத்திலேயே நிரூபித்திருக்கிறார்களாமே?

நீங்கள் கேட்பது அநேகமாக டேரில் பெம் என்ற உளவியலாளரின் ஆய்வை. 2011-ல் ஒரு மதிப்புமிக்க உளவியல் இதழில், ஒன்பது சோதனைகள், ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள், எதிர்காலம் நம்மை இப்போதே பாதிக்கிறது என்று வெளியிட்டார். அதில் ஒன்று: இரண்டு திரைகளில் எதன் பின்னால் படம் வரப்போகிறது என்று ஊகிப்பது. தலையா பூவா போட்டாலே 50 சதவீதம் வரும், பாலுணர்வுப் படங்களுக்கு 53.1 வந்தது. மற்றவர்கள் அவர் சோதனைகளைத் திரும்பச் செய்தபோது பலன் காணாமல்போனது. ஆனால் அந்தக் கட்டுரைக்கு நான் நன்றி சொல்வேன், ஏனென்றால் பெம் ஏமாற்றவில்லை, அந்தத் துறையில் எல்லோரும் பின்பற்றிய முறைகளைத்தான் பின்பற்றினார். அதே முறையில் இதுவும் நிரூபணமாகும் என்றால் மற்ற முடிவுகளின் கதி என்ன என்று உளவியலே தன்னைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. முதல் கட்டத்தை மட்டும் எண்ணும் பழக்கம் விஞ்ஞானிக்கும் உண்டு: பலன் வந்த சோதனை அச்சேறும், வராதது மேசை இழுப்பறையில் தூங்கும்.

கடினமான காலத்தில் மட்டும் சகுனம், ராசி எல்லாம் ஞாபகம் வருவது ஏன்?

நம் கையில் எதுவும் இல்லை என்று தோன்றும்போது மனம் எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்க்கும். மலினோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர் டிரோப்ரியாண்ட் தீவுகளில் கவனித்தது இது: அமைதியான உள்கடலில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் மந்திரம் எதுவும் செய்வதில்லை, ஆபத்தான ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் விரிவான சடங்குகள் செய்தார்கள். ஆட்களும் அதே ஆட்கள், மூளையும் அதே மூளை.

புறாக்கூட இதைச் செய்யும் என்றார் ஸ்கின்னர் என்ற உளவியலாளர். 1948-ல் பசித்த புறாக்களைக் கூண்டில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் தீனி வரும்படி வைத்தார். எட்டில் ஆறு புறா ஏதோ ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்யத் தொடங்கின. ஒன்று கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தது, ஒன்று மூலையில் தலையை முட்டியது. அதைத்தான் மூடநம்பிக்கை என்றார். தீனிக்குக் காத்திருக்கும் பறவை இயல்பாகச் செய்யும் அசைவுகள்தான் அவை என்று பிற்காலத்தில் வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள், அதனால் புறாவை இதற்குமேல் இழுக்கவேண்டாம்.

நம்பாதவர்களுக்கு மட்டும் சாய்வே கிடையாதா?

தாராளமாக உண்டு. அடுத்தவர் சாய்வு பளிச்சென்று தெரியும், தன் சாய்வு தெரியாது என்பதே ஆய்வாளர்கள் பெயர் வைத்திருக்கும் ஒரு சாய்வு. வானத்திலிருந்து கல் விழுகிறது என்று கிராமத்து மக்கள் சொன்னபோது 18-ஆம் நூற்றாண்டு அறிஞர்களில் பலர் சிரித்தார்கள். வானத்தில் ஏது கல், இதெல்லாம் பாமரர் கட்டுக்கதை என்றார்கள். 1803-ல் பிரான்ஸில் லெய்க்ல் என்ற ஊரில் ஆயிரக்கணக்கில் கல் மழை பொழிந்து, ழான் பாப்டிஸ்ட் பியோ என்ற இயற்பியலாளர் நேரில் போய் ஊர் ஊராக விசாரித்து அறிக்கை கொடுத்த பிறகுதான் பலர் வாயை மூடினார்கள். பியோ செய்ததைக் கவனியுங்கள். அவர் நம்பவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. எந்த ஊரில் கல் கிடக்கிறது, எந்த ஊரில் கிடக்கவில்லை என்று வரைபடத்தில் குறித்தார்.

நம்பினால் நம்பிவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம்?

பெரும்பாலும் ஒன்றுமில்லை. தேர்வுக்கு ராசியான பேனா கொண்டுபோகிறவரை நான் ஏன் தொந்தரவு செய்யவேண்டும்? வலிப்புக்கு மருத்துவரிடம் போகாமல் பேயோட்டப் போகும்போது நஷ்டம் உண்டு. துக்கத்தில் இருப்பவரிடம் இறந்தவரைப் பேசவைக்கிறேன் என்று ஒருவர் மாதாமாதம் பணம் வாங்கும்போது நஷ்டம் உண்டு. இவ்வளவு கொடுத்துவிட்டோம், இப்போது நிறுத்தினால் கொடுத்ததெல்லாம் வீண் என்ற நினைப்பு அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும், அது எந்த அமுக்குவானையும்விட லேசில் எழுந்திருக்காது.

நம்புகிற ஒருவரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

‘அதெல்லாம் பிரமை’ என்று தொடங்காதீர்கள். நீ பொய் சொல்கிறாய் என்றுதான் அவர் காதில் விழும். முதலில் முழுக் கதையையும் கேளுங்கள், எந்த நேரம், எங்கே நின்றீர்கள், தூங்கி எழுந்த உடனேயா, மற்றவர் என்ன சொன்னார் என்று ஆர்வமாகவே கேளுங்கள், ஏனென்றால் அது நிஜமாகவே ஆர்வமான விஷயம். கேட்கிற கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். முடியாவிட்டாலும் பரவாயில்லை. துக்க வீட்டில் மட்டும் இதை ஆரம்பிக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் ஏதோ சரியில்லை. ராத்திரியில் சத்தம், யாரோ இருப்பதுபோல உணர்வு, தலைவலி. என்ன செய்யட்டும்?

தலைவலியும் இருக்கிறது என்றால் முதலில் கரியமில வாயுவின் தம்பியான கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவைச் சந்தேகப்படுங்கள். 1921-ல் ஒரு அமெரிக்க கண் மருத்துவ இதழில் வில்லியம் வில்மர் ஒரு குடும்பத்தின் கதையை வெளியிட்டார். பழைய பெரிய வீட்டுக்குக் குடிபோனதிலிருந்து காலடிச் சத்தம், அறையில் யாரோ நிற்கும் உணர்வு, குழந்தைகள் சோர்ந்துபோனார்கள், எல்லோருக்கும் தலைவலி, தொட்டிச் செடிகள்கூட வாடின. கடைசியில் ஆள் வந்து பார்த்தால், வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி, புகை போக்கி வழியாகப் போகவேண்டிய வாயு வீட்டுக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது.

அடுத்து, ஓடும் இயந்திரங்கள். பொறியாளர் விக் டாண்டி இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தபோது, இரவில் கண்ணோரத்தில் சாம்பல் நிற உருவம் ஒன்றைப் பார்த்து வெலவெலத்துப்போனார். மறுநாள் பிடிப்பானில் மாட்டியிருந்த வாள் ஒன்று தானாக அதிர்வதைக் கண்டு தேடிப்போனால், புதிதாக வைத்த காற்று வெளியேற்றும் விசிறி நொடிக்குச் சுமார் 19 அதிர்வு என்ற, காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பிக்கொண்டிருந்தது. விசிறியைச் சரிசெய்ததும் அந்த இனம்புரியாத பயமும் போனது. அதற்காக எல்லாப் பேய்க்கும் இதுவே காரணம் என்று கிளம்பிவிடாதீர்கள். 2009-ல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக லண்டனில் ஓர் அறையில் வேண்டுமென்றே இப்படிப்பட்ட ஒலியையும் மின்காந்தப் புலத்தையும் செலுத்தி 79 பேரை உள்ளே அனுப்பினார்கள். பலருக்கு விசித்திர அனுபவம் வந்தது, ஆனால் ஒலி ஓடியதா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஏதாவது நடக்கலாம் என்று முன்கூட்டியே சொன்னதே போதுமாக இருந்திருக்கலாம் என்றார்கள்.

அதனால் ஜன்னலைத் திறங்கள், எரியும் அடுப்பு, ஹீட்டர், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் ஆளை வைத்துச் சோதியுங்கள், வெளியே இருக்கும்போது தலைவலி குறைகிறதா என்று பாருங்கள், குறைந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்புறம் ஒரு நோட்டு வாங்கி, சத்தம் கேட்ட ராத்திரியோடு கேட்காத ராத்திரியையும் தேதி போட்டு எழுதுங்கள்.